தானாப் படிச்சுக்குமா? – மணலிலிருந்து மொபைல் வரை

போன மாசம் ஒரு ராத்திரி, பத்து மணி இருக்கும், மணி போன் பண்ணினான். (நிஜப் பேரு வேற. மணின்னு வெச்சுக்குவோம்.) ஊராட்சி ஒன்றியத் துவக்கப் பள்ளியில் ஒண்ணாவதிலிருந்து அஞ்சாவது வரைக்கும் என் பக்கத்துல உட்கார்ந்தவன். இப்போ லோடு வண்டி ஓட்டுறான். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை, அவன் பொண்ணு ரெண்டாங் கிளாஸ் படிக்குது :-)

"டேய், நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குற? பாப்பாவுக்குக் கணக்குக்கு ஏதாவது ஆப் சொல்லேன். காசு கட்டாம இருக்கணும். அதுவா படிச்சுக்கணும். எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியாதுடா."

"பாத்துச் சொல்றேன்"னு வெச்சிட்டேன். பேர் சொல்றது ஒண்ணும் பெரிய விஷயமில்லை, இப்போதைக்கு அந்த மாதிரி ஆப் கூடைக் கணக்குல இருக்கு. ஆனா அவன் சொன்ன ரெண்டு விஷயம் மண்டைக்குள்ளேயே சுத்திக்கிட்டிருந்தது. "காசு கட்டாம", "அதுவா". இந்த ரெண்டும் இன்டர்நெட்டோட பிறந்த ஆசைன்னுதான் நான் நினைச்சிட்டிருந்தேன். தேடிப் படிக்க ஆரம்பிச்சா, சுருள் எழும்பூர் வரைக்கும் போகுது. அதுவும் 200 வருஷத்துக்கு மேலே. ஆகவே மக்களே, இது கொஞ்சம் நீளமான கொசுவத்தி. டீ, காபி எடுத்துக்கிட்டு உட்காருங்க.

எழும்பூர் மணல்

ஆண்ட்ரூ பெல் என்று ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1787-ல் மதராசுக்கு வந்தார். 1789-ல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அநாதை விடுதிக்குப் பொறுப்பாளர் ஆனார். கம்பெனிச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான இடம் அது. வாத்தியார்கள் குறைவு, இருந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பதில் பெரிய ஆர்வம் கிடையாது.

ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளியைப் பார்க்கிறார். (அந்தக் காலத்தில் மதராசில் இருந்த வெள்ளைக்காரர்கள் தமிழர்களையே மலபார் என்றுதான் சொல்வார்கள்.) பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நமக்குத் தெரிஞ்ச திண்ணைப் பள்ளிக்கூடம்தான். ஒரே திண்ணையில் ஒருத்தன் அரிச்சுவடியில் இருப்பான், இன்னொருத்தன் எண்சுவடியில் இருப்பான். வாத்தியார் இல்லாத நேரத்தில் சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான்.

பெல்லுக்குப் பொறி தட்டியது. விடுதிக்கு வந்து, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுதப் பழக்கச் சொன்னார். வாத்தியார் முடியாது என்றுவிட்டார். சரி போ என்று, விடுதியிலேயே படித்துக்கொண்டிருந்த ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். வாத்தியார் முடியாது என்றதைப் பையன் செய்துகாட்டினான். அங்கிருந்து விடுதி முழுக்கப் பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஏற்பாடு வளர்ந்தது.

1796-ல் ஊர் திரும்பிய பெல், 1797-ல் இதைச் சின்னப் புத்தகமாக லண்டனில் வெளியிட்டார். அங்கே இதன் பெயரே 'மெட்ராஸ் முறை'! அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுப்போன பணத்தில் கட்டிய பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். 1832-ல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். மணல் எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கு பாருங்க.

திண்ணையை ரொம்பவும் தூக்கிவைக்க வேண்டாம். அது இலவசம் கிடையாது, பணமோ தானியமோ கொடுக்கணும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அதில் ஏற முடியாது. பெண் பிள்ளைகள் அபூர்வம். அந்த 1790-களில் மணியோ நானோ அந்தத் தெருப் பக்கமே போயிருக்க முடியாது.

'காசு கட்டாம' என்கிற பாதி லண்டனில்தான் வந்து சேர்ந்தது. ஜோசப் லங்காஸ்டர் என்பவர் 1798-ல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆரம்பித்தார். கட்ட முடியாதவர்கள் சும்மா வரலாம். ஒரு வாத்தியார், நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், நடுவில் பெரிய பிள்ளைகளே உதவி வாத்தியார்கள். ஆளுக்கொரு புத்தகம் வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால், பாடத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டினார்கள். பிள்ளைகள் அரைவட்டமாக நின்று படித்தார்கள். எழுதிப் பழக மணல் தட்டு. மெட்ராஸ் முறை யாருடைய கண்டுபிடிப்பு என்று பெல் கட்சிக்கும் லங்காஸ்டர் கட்சிக்கும் பெரிய சண்டை. (கண்டுபிடிச்ச திண்ணைக்காரன் அந்தச் சண்டையிலேயே இல்லை.)

ஆனா அங்கே ஒரு விஷயம் தொலைந்துபோனது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் நடத்த வேண்டுமானால் கட்டளை வேண்டும். எல்லாரும் ஒன்றாக எழுது, ஒன்றாக ஸ்லேட்டைக் காட்டு, ஒன்றாக இறக்கு. கிட்டத்தட்டப் பட்டாளத்து டிரில். பக்கத்துப் பையன் சொல்லிக்கொடுப்பது அப்படியே இருந்தது. திண்ணையில் இருந்த ஆளுக்கொரு வேகம் போய்விட்டது. வேகத்தைக் கூடம்தான் முடிவு செய்தது.

இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. இந்தக் கதையில் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

ஸ்கின்னர் பார்த்த கணக்கு வகுப்பு

1953 நவம்பர். அமெரிக்காவில் ஹார்வர்டு உளவியல் பேராசிரியர் பி.எஃப். ஸ்கின்னர், அப்பாக்கள் வந்து பார்க்கிற நாளில் தன் மகளின் நாலாங் கிளாஸ் கணக்கு வகுப்பில் போய் உட்கார்ந்தார். கணக்கு போட்டு முடித்த சில பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். சிலர் முதல் கணக்கிலேயே திணறுகிறார்கள். போட்டது சரியா தப்பா என்பது நோட்டு திருத்தி வரும்போதுதான் தெரியும். எல்லாருக்கும் ஒரே வேகம், விடையோ தாமதம்.

நாமெல்லாம் பேரண்ட்ஸ் மீட்டிங் போயிட்டு வந்து டீச்சரைத் திட்டுவோம். மனுஷன் வீட்டுக்கு வந்து மெஷின் கட்ட ஆரம்பிச்சுட்டார். ஒரு பெட்டி, அதில் ஒரு கேள்வி தெரியும், பிள்ளை விடையை வைக்கணும். சரியாக இருந்தால்தான் அடுத்த கேள்விக்குப் போக முடியும். 1954-லேயே பிட்ஸ்பர்க்கில் ஒரு கூட்டத்தில் செய்து காட்டினார்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்பதால் எனக்கு இது ரொம்பப் பரிச்சயமாக இருந்தது. பாடத்தைத் துண்டு துண்டாக உடை, ஒவ்வொரு துண்டுக்கும் உடனே விடை சொல்லு, முடித்தால்தான் அடுத்ததைத் திற. இன்றைக்கு ஆப்களில் இருக்கிற பூட்டுப் படம் ஸ்கின்னரின் மரப்பெட்டியிலேயே இருக்கிறது. 1960 வாக்கில் அமெரிக்காவில் இதற்கு ஒரு பெரிய அலையே அடித்தது. பத்து வருஷத்துக்குள் அடங்கியும் போச்சு. திண்ணையில் தொலைந்த வேகத்தை ஸ்கின்னர் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தார். ஆனா பக்கத்தில் உட்கார்ந்த பையனை எடுத்துவிட்டார். பெட்டியும் பிள்ளையும் மட்டும்.

மதனபள்ளி அட்டைகள்

இப்போ நம்ம பக்கம் வருவோம். ஆந்திராவில் மதனபள்ளி பக்கத்தில் ரிஷி வேலி. ஜே. கிருஷ்ணமூர்த்தி பெயரோடு சேர்ந்த பள்ளி. அதைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்ன ஊர்களுக்காக, பத்மநாப ராவ், ராமா என்ற தம்பதி 1980-களின் கடைசியில் வேலையை ஆரம்பித்தார்கள். அந்த ஊர்ப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒரே அறையில். அதைவிடப் பெரிய சிக்கல், பிள்ளைகள் தினமும் வர மாட்டார்கள். அறுப்பு வந்தால் இரண்டு வாரம் காணோம்.

பாடப்புத்தகம் எப்பவும் ஒரு விஷயத்தைச் சத்தமில்லாமல் நம்பிக்கொண்டிருக்கும். நேற்று வந்தவன்தான் இன்றைக்கும் வந்திருக்கிறான் என்று. ஏழாம் பாடத்தின்போது காணாமல் போனவன், திரும்பி வரும்போது பன்னிரண்டாம் பாடம் ஓடிக்கொண்டிருந்தால் அவ்வளவுதான். அவன் தப்பு இல்லை, ஆனா அவன்தான் மக்கு.

அவர்கள் புத்தகத்தைப் பிரித்தார்கள். ஒவ்வொரு பாடமும் அட்டைகளாச்சு. அட்டைகளை வரிசைப்படுத்தி ஒரு ஏணி, ஏணியில் அங்கங்கே மைல்கல். பிள்ளை ஏணியில் தன் இடத்தைப் பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். சில அட்டைக்கு ஆசிரியர் வேண்டும், சில அட்டையை இன்னொரு பிள்ளையோடு செய்யணும், சில அட்டை தனியாக. இரண்டு வாரம் கழித்து வந்தாலும் அட்டை அதே இடத்தில் காத்திருக்கும். இதுக்கு 'பெட்டிக்குள் பள்ளி' என்கிற மாதிரி இங்கிலீஷில் ஒரு பேர் உண்டு.

1990-களில் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், கொத்தடிமை வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளைப் படிக்க வைக்க இந்த முறையை எடுத்தார். எட்டு வயசு, பத்து வயசுன்னு வந்து நிற்கிற பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பீர்கள்? ஏணியில் அந்தக் கேள்வியே இல்லை. அவரே சென்னை மாநகராட்சி ஆணையராக வந்தபோது, 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்தார். அப்புறம் எல்லா மாநகராட்சித் துவக்கப் பள்ளிகளிலும். 2007-ல் தமிழ்நாடு முழுக்க, ஏறத்தாழ 37,500 பள்ளிகளில், ஒன்று முதல் நான்கு வகுப்பு வரை. பெயர் 'செயல்வழிக் கற்றல்'. எங்க டீச்சருக்கு அது 'ஏ.பி.எல்.'

கவனிச்சீங்களா? மணலில் ஆரம்பித்துக் கடல் தாண்டிப் போன விஷயம், 200 வருஷம் கழிச்சு, அட்டையா, அதே சென்னைக்கு வந்து நிற்குது. இந்தத் தடவை இலவசமும் இருந்தது, ஆளுக்கொரு வேகமும் இருந்தது, பக்கத்துப் பையனும் இருந்தான். மூணும் ஒண்ணா.

எங்க நாலாங் கிளாஸ்

2007-ல் நானும் மணியும் நாலாவது. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் போனா பெஞ்சைக் காணோம், பாய் விரிச்சிருக்கு. சுவத்தைச் சுத்தி, எங்க இடுப்பு உயரத்துல கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேல கயிறு கட்டி நாங்க வரைஞ்சதை எல்லாம் மாட்டியிருப்பாங்க. வருகைப் பதிவை நாங்களே குறிச்சுக்கணும். தட்டு நிறைய அட்டை, அதுல மிருகம், பறவைன்னு சின்னச் சின்னப் படம்.

மணி வருஷா வருஷம் மல்லாட்டை புடுங்குற சமயத்துல அம்மாகூடப் போயிடுவான். மூணாவதுல அப்படிப் போயிட்டு வந்தப்போ முட்டி போட்டான். நாலாவதுல வந்தப்போ நேரா ஏணிகிட்டப் போய்ப் பார்த்தான், தட்டுல கையை விட்டான், அவன் அட்டையை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தான். யாரும் ஒண்ணும் கேக்கலை. எனக்கு அது அன்னைக்கு ஒரு விஷயமாவே படலை. இப்போ நினைச்சாத்தான் என்னவோ பண்ணுது.

கணக்குல அவன் என்னைவிடப் பத்துப் பதினஞ்சு படி கீழே. கடன் வாங்கிக் கழிக்கிறது. டீச்சர் என்னை அவன் பக்கத்துல உட்கார வெச்சாங்க. 52-லிருந்து 17 போகணும்னா, ரெண்டுலேர்ந்து ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு. "யார்கிட்ட? திருப்பிக் குடுக்க வேணாமா?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் தெரியலை. கடன்னா என்னன்னு அவனுக்குத்தான் நல்லாத் தெரியும். அப்புறம் பத்துப் புளியங்கொட்டையைக் கட்டு கட்டி, அஞ்சு கட்டுல ஒரு கட்டைப் பிரிச்சுக் காட்டினேன். அன்னைக்குத்தான் எனக்கே புரிஞ்சது. அதுவரைக்கும் நான் சும்மா மனப்பாடமாப் போட்டுக்கிட்டிருந்தேன்.

எல்லாம் இனிப்பு இல்லை. ஒரே டீச்சர் ரெண்டு வகுப்பைப் பார்த்தாங்க, பாதி அட்டை கிழிஞ்சு போச்சு, சிலது தொலைஞ்சே போச்சு. புக்கு இல்லை, வீட்டுப் பாடம் இல்லை, என்ன பள்ளிக்கூடம் இதுன்னு வீட்டுக்காரங்க கேட்டாங்க.

பெரிய அடி வேற மாதிரி வந்தது. ஆய்வுக்கு ஆள் வர்றாங்கன்னு ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சது. இந்தத் தேதிக்குள்ள எல்லாரும் இந்த மைல்கல்லைத் தாண்டியிருக்கணும்னு ஒரு பேச்சு. ராத்திரியோட ராத்திரியா அடைவுத் தாள்ல மணி பன்னிரண்டு படி ஏறிட்டான். டீச்சரைக் குத்தம் சொல்லி என்ன பண்றது, அவங்களுக்கு மேலே இருந்த நெருக்கடி அது. ஆய்வு நல்லா முடிஞ்சது. ஆனா அப்புறம் அவனுக்கு வகுத்தல் அட்டை வந்தது. கழித்தல் முழுசா வராதவனுக்கு வகுத்தல். ஏணி இருந்தது, நடுவுல படி இல்லை. ஆறாவதுக்கு வேற பள்ளி, எட்டாவதோட நின்னுட்டான்.

லங்காஸ்டர் கூடத்தில் மணி அடித்தது. எங்க கூடத்தில் தேதி அடித்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நாடியாவும் பாஸ் பட்டனும்

2004-ல் பாஸ்டனில் வேலை பார்த்த சல்மான் கான் (நடிகர் இல்லைங்க), நியூ ஆர்லியன்ஸில் இருந்த சித்தப்பா வீட்டுப் பொண்ணு மாதிரியான உறவுக்காரப் பெண் நாடியாவுக்குப் போனில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் மத்த உறவுப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். பயிற்சிக் கணக்கு கொடுக்க ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதினார், 2006-லிருந்து யூடியூபில் வீடியோ போட்டார். நேரில் சொல்வதைவிட வீடியோவே பிடித்திருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னதை அவரே மேடையில் சிரிச்சுக்கிட்டே சொல்லுவார். காரணம் எளிது, நிறுத்தலாம், திருப்பிப் போடலாம், எத்தனை தடவை கேட்டாலும் யாரும் மூஞ்சியைச் சுளிக்க மாட்டாங்க. 2008-ல் லாப நோக்கமில்லாத அமைப்பாகக் கான் அகாடமி பதிவானது. எல்லாம் இலவசம்.

2010-ல் கலிஃபோர்னியாவில் லாஸ் ஆல்டோஸ் பள்ளிகளில் இதை வகுப்புக்குள் கொண்டுபோனார்கள். அங்கே கான் கவனித்துச் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். ஒரு இடத்தில் ரொம்ப நாள் மாட்டிக்கொண்ட பிள்ளை, அதைத் தாண்டியதும் வேகமாக ஓடி முன்னால் போய்விடுகிறது. ஆறு வாரம் முன்னால் பரிட்சை வைத்திருந்தால் அது மக்குப் பிள்ளை. அட்டை எடுத்த மணியைப் பார்த்த எனக்கு இது புதுசு இல்லை.

எல்லாரும் வீடியோவைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது அதுக்கு முந்தின ரெண்டு வருஷத்தை. 2004-லிருந்து 2006 வரை போனில் ஒரு மனுஷன் இருந்தார். நாடியா எங்கே மாட்டுகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மற்றதெல்லாம் வந்தது.

நம்ம ஊரிலும் இலவசத்துக்குக் குறைவில்லை. 2017-ல் திக்ஷா தளம், 2018-லிருந்து நம்ம பாடப்புத்தகத்தில் க்யூ.ஆர். கட்டம், 2019-ல் கல்வித் தொலைக்காட்சி. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இதெல்லாம் கையில் இருந்தது. அப்படியும் 2021-ல் அரசாங்கம் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களை உட்கார வைக்க வேண்டி வந்தது. 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்தது, வகுப்பைப் பார்த்து இல்லை. பேர் மாறுது, ஏணி திரும்பி வருது.

மணிக்கு என்ன சொன்னேன்

ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிட்டேன். புக்குல இருக்கிற கட்டத்தை எப்படி ஸ்கேன் பண்றதுன்னு சொன்னேன். அப்புறம், "எந்த ஆப் போட்டாலும் ஒண்ணு பாருடா. பாப்பா ரெண்டு வாரம் தொடாம விட்டுட்டு வந்தா அது என்ன பண்ணுது? விட்ட இடத்திலேயே நிக்குதா, இல்லை 'நீ பின்தங்கிட்டே'ன்னு நெருப்புப் படம் போட்டு மிரட்டுதா? மிரட்டுனா தூக்கிப் போடு."

"சரி, சொல்லிக் குடுக்க யாரு? எனக்குத்தான் வராதே."

"நீ சொல்லிக் குடுக்க வேணாம். அவ உனக்குச் சொல்லிக் குடுக்கட்டும். நீ பக்கத்துல உட்கார்ந்து தப்பு பண்ணு."

"அதுக்கு நான் தனியா பிராக்டீஸ் பண்ண வேணாம்டா"ன்னு சிரிச்சான்.

போன ஞாயித்துக்கிழமை அவனே கூப்பிட்டான். கடன் வாங்கிக் கழிக்கிறதுக்கு வந்திருக்காங்களாம், ரெண்டு பேரும். "நீ சொன்ன மாதிரி இல்லடா, பாப்பா வேற மாதிரி சொல்லுது. கடனே இல்லையாம். பத்து ரூவாயை சில்லறை மாத்துறதாம்."

அன்னைக்கு அவன் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரியாத பதில். இத்தனை வருஷம் கழிச்சு அவன் பொண்ணு சொல்லியிருக்கு.

பி.கு.: உங்க வீட்டுல 2007 வாக்குல துவக்கப் பள்ளி டீச்சரா இருந்தவங்க யாராவது இருந்தா, அந்த அட்டைப் பெட்டி பரண்ல கிடக்கான்னு கேட்டுப் பாருங்க. கிடந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் விட்ட படி எதுன்னு எனக்கும் ஒரு தடவை பார்க்கணும்.